ரிலீவர் சாமி

எங்கள் சாமிக்குப் பாசக்கயிறு கிடையாது, எருமை கிடையாது. தோளில் ஒரு சாப்பாட்டுப் பை மட்டும் தொங்கும். வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அரை கிளாஸ் டீ குடிப்பார். "என்ன ஓடுது, என்ன நிக்குது?" என்று கேட்பார். சாகப்போகிறவர் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும், "சரி, நீங்க கிளம்புங்க" என்பார். எங்கள் உலகத்தில் மரணம் என்பது இவ்வளவுதான். இப்படியொரு கடவுளை உண்டாக்கியவன் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ். பழுதானதைச் சரிசெய்வதோடு என் வேலை முடிந்துவிடும். புதிதாக எதையும் உண்டாக்கியதில்லை.

எங்கள் உலகம் என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். அது ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு பேச வேண்டும், சண்டை போட வேண்டும், தப்பிக்க வேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்போம். இதை எங்களிடம் கொண்டுவந்தவர் குவாலிட்டி செக்ஷனில் இருக்கும் நண்பர். ஜவளகிரிக்காரர். வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். பெங்களூரில் இருக்கும் அவருடைய மாமா மகன் ஒரு வெளிநாட்டுப் பெட்டியைக் கொடுத்திருந்தான். உள்ளே ஏகப்பட்ட முகங்கள் வைத்த பகடைகளும், மெஷின் மேனுவல் கனத்துக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகமும் இருந்தன. மேனுவல் படித்தே வயிறு கழுவுகிறவன் நான். எனக்கே சில பக்கங்களில் மூச்சு முட்டிவிட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம். பகடைக்கு என் மனைவியின் தாயக்கட்டை.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். எங்களுக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் ஹாலில் பாய் விரித்துவிடுவோம். கதை சொல்வது நான். என் மனைவி அந்த உலகத்தில் உப்பு வியாபாரி. எந்தச் சாமியையும் நம்பாதவள், எல்லாக் கோயிலுக்கும் உப்பு விற்பவள். நண்பர் கூலிப்படை வீரர். நான்காவது ஆள், எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் அம்மாவோடு குடியிருந்த பெண். எங்கள் கம்பெனியிலேயே அசெம்பிளி லைனில் வேலை. என்னை அண்ணா என்றும் என் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவாள். அந்த முறை எப்படிக் கூடும் என்று நண்பர் கேலி செய்தும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

அவர்களுக்குச் சொந்த ஊர் நாகரசம்பட்டி. அப்பாவும் அம்மாவும் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். ஒரு காய்ப்புக் காலத்தில், மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோதே அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். அதன் பிறகு இவள் பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓசூருக்கு வேலைக்கு வந்தாள். அம்மாவும் கூட வந்து, வேறொரு கம்பெனியின் கேன்டீனில் காய்கறி நறுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டார்.

முதலில் நான் உண்டாக்கிய மரண தேவன் எல்லாரும் உண்டாக்குகிற மாதிரிதான் இருந்தான். மண்டையோட்டு மாலை, கரிய அங்கி, இடி போன்ற குரல். அந்தக் குரலில் பேசி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நண்பர் கொட்டாவி விட்டார். அப்படியே போயிருக்கும், ஒரு சனிக்கிழமை என்னுடைய ரிலீவர் வராமல் இருந்திருந்தால்... இல்லை, வந்திருந்தால். ரிலீவர் என்றால் அடுத்த ஷிப்டில் நம் இடத்துக்கு வந்து நம்மை விடுவிக்கிறவர். அவர் வந்து, எந்த மெஷின் ஓடுகிறது, எது மக்கர் செய்கிறது என்று நாம் சொல்லி ஒப்படைத்த பிறகுதான் நாம் கேட்டைத் தாண்டலாம். என் ஆள் அன்றைக்கு ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார், போனும் அணைந்து கிடந்தது. அவருடைய ஷிப்டையும் நானே நின்று முடித்தேன். காலிரண்டும் வீங்கிவிட்டன.

மறுநாள் கதையில் ஒரு படகோட்டிக் கிழவன் சாக வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மண்டையோட்டைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தவன், "அந்தச் சாமி நேரத்துக்கு வந்துச்சு" என்றேன். "எந்தக் காலத்துலயும் லேட்டா வந்ததே கிடையாது. பத்து நிமிஷம் முன்னாடியே வந்து டீ குடிக்கும். அதுதான்யா ரிலீவர்." நண்பரும் என் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, அவரு வந்தா சொல்றதுக்கு டைம் குடுப்பாரா?" என்று கேட்டாள்.

"குடுப்பாரு."

"எல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும்?"

"அதுவரைக்கும் டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அவசரப்படுத்த மாட்டாரு."

அவள் அதுவரை வில்லாளியாக விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போதே வில்லைப் போட்டுவிட்டு, தான் இனி அந்தச் சாமிக்குப் பூசாரி என்றாள்.

சாமியை உண்டாக்கியது நான் என்றாலும் மதத்தை உண்டாக்கியது அவள்தான். கோயிலில் சிலை வேண்டாம், ஒரு பெஞ்சும் தண்ணீர்ப் பானையும் போதும் என்றாள். படையல் அரை கிளாஸ் டீ. சாமி ஒருவரை விடுவிக்கலாமே தவிர, ஊரில் உள்ள எல்லார் வேலையையும் அவரே இழுத்துப்போட்டுச் செய்ய முடியாது. அதனால் சாகிறவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் உயிரோடு இருக்கும் ஒருவர் "பாத்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும். யாரும் சொல்லாதவரை சாமி விடுவிக்க மாட்டார், உயிரும் போகாது. சாகும்போது திடீரென்று இது வாயில் வராது என்பதால், அந்த மதத்துக்காரர்கள் தினமும் சாயங்காலம் பழகுவார்கள். ஆட்டுக்குட்டியை இன்னும் கட்டவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் பாத்துக்கறேன் என்பார். இது எங்கள் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. சாமியே இல்லை என்னும் உப்பு வியாபாரி, குளிக்கப் போகும் முன் "குக்கர் அடுப்புல இருக்கு, மோட்டார் ஓடுது" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். நான் பதில் சொல்லாவிட்டால் குளியலறைக் கதவைத் திறந்து மறுபடியும் சொல்வாள்.

இந்த மதத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவர் நண்பர். ஒரு போரில் அவருடைய வீரனுக்கு நெஞ்சில் அம்பு பாய்ந்தது. சாமி வந்து உட்கார்ந்தார். உடனே வீரன் சுற்றியிருந்த அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தான். இப்படிப்பட்டவனுடைய வேலையை யார் ஏற்பார்கள்? யாரும் பாத்துக்கறேன் என்று சொல்லவில்லை. வீரன் அம்போடு எழுந்து போனான். அந்த அம்போடேயே வாரக்கணக்கில் சுற்றினான், கல்யாண விருந்தில் சாப்பிட்டான், ஓர் ஊரையே கொள்ளையடித்தான். பின்னாலேயே சாமி சாப்பாட்டுப் பையோடு அலைந்தார். கடைசியில் ஒருநாள் வீரன் தன் குதிரைக்குக் கொள்ளு ஊறப்போட வேண்டும் என்று வாய்தவறிச் சொன்னதும் பூசாரி சட்டென்று "பாத்துக்கறேன்" என்றாள். வீரன் அங்கேயே செத்தான். நண்பர் அன்றைக்கு எங்கள் வீட்டு டீயைத் தொடவில்லை. "இது மோசம், அக்கா. நீங்களாவது கேளுங்க" என்று என் மனைவியிடம் முறையிட்டார். அடுத்த வாரம் புது வேஷத்தோடு வந்துவிட்டார்.

அந்த மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை உடுமலைப்பேட்டைப் பக்கம், நூற்பாலையில் சூப்பர்வைசர், பேச்சில் மரியாதை தெரிந்தவர். தை மாதம் காவேரிப்பட்டினத்தில் மண்டபம். பத்திரிகையை எங்களுக்கு வைத்துவிட்டு, அதே கையோடு அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். ஊருக்குப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய பூசாரி சாக வேண்டும்.

என் மனைவி பத்திரிகையைச் சட்டென்று எடுத்துச் சாமி அலமாரியில் வைத்தாள். "என்ன பேச்சு இது? பத்திரிகை அடிச்சு மஞ்ச தடவியாச்சு. கல்யாணப் பொண்ணு வாயில இந்த வார்த்தை வரலாமா?"

சகுனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன்தான். ஆனாலும் நம்பிக்கை இல்லாதவனுக்கும் பயம் வரத்தான் செய்கிறது. பூசாரியை வேறு தேசத்துக் கோயிலுக்கு மாற்றிவிடலாம், டிரான்ஸ்ஃபர் மாதிரி, என்றேன். எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்றும் ஆசை காட்டினேன்.

"டிரான்ஸ்ஃபர்ல போறவங்க ஸ்வீட் பாக்ஸ் குடுத்துட்டுப் போயிடுவாங்கண்ணா. எதையும் ஒப்படைக்க மாட்டாங்க," என்றாள். "நான் படிப்பப் பாதியில விட்டேன். தையல் கிளாஸப் பாதியில விட்டேன். இப்ப அம்மாவ..." என்று நிறுத்திவிட்டு, "இதயாச்சும் ஒழுங்கா முடிச்சுட்டுப் போறேன். இந்த ஒண்ணுதான் நான் கேக்கறது," என்றாள்.

அவள் சொல்லாமல் விட்டது எங்களுக்குத் தெரியாததல்ல. அம்மாவுக்குச் சர்க்கரை. பக்கத்தில் நின்று மிரட்டினால்தான் மாத்திரை போடுவார். மகள் போன பிறகு அவர் அந்த வீட்டில் தனியாக இருக்கப்போகிறார். கூட வந்துவிடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரே கூப்பிட்டும், மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தில் போய்ச் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதை வைத்து வீட்டில் ஒரு தடவை பேச்சு வந்து, "என்னப் பாத்துக்க ஆளில்லன்னு நீ நெனச்சா இந்தக் கல்யாணமே வேணாம்" என்று அம்மா வெட்டிப் பேசிவிட்டாராம். அதிலிருந்து அவள் அம்மாவிடம் மாத்திரை என்ற சொல்லையே எடுக்கவில்லை. சிரித்த முகமாக ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள், பூ மாலைக்குச் சொன்னாள். உள்ளுக்குள் அவள் நிம்மதியாக இல்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்கழிக் குளிர், மதியத்திலும் நண்பர் மஃப்ளரோடு வந்தார். என் மனைவி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, சாமி அலமாரியின் திரையை இழுத்து மூடினாள். உள்ளே இருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டாம் என்று அவளுக்கு எண்ணம். அந்தப் பெண்ணின் அம்மா வழக்கம்போல எங்கள் வாசற்படிக்கு உள்பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவர் எப்போதும் விளையாட்டில் சேர மாட்டார். கைவேலை ஏதாவது எடுத்துவந்து செய்துகொண்டிருப்பார். அன்று ஊறவைத்த மொச்சை. பிதுக்கம்பருப்புக் குழம்புக்காக ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். மகள் என்ன கேட்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கே தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

கதையில் பூசாரி கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குள் பரவிய காய்ச்சலை எல்லாரிடமிருந்தும் வாங்கித் தானே ஏற்றுக்கொண்டவள். நான் சாமியாகி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உண்மையாகவே என் கையில் அரை கிளாஸ் டீயைக் கொடுத்தாள்.

"என்ன ஓடுது, என்ன நிக்குது?" என்றேன்.

"வெளக்குக்கு எண்ணெய் ரெண்டு நாளைக்குத்தான் வரும்," என்றாள்.

"பாத்துக்கறேன்," என்றாள் உப்பு வியாபாரி.

"கெணத்து ராட்டினம் சத்தம் போடுது. யாரும் கண்டுக்க மாட்டேங்கறாங்க."

"பாத்துக்கறேன்," என்றார் நண்பர்.

மேற்குச் சுவர் ஒழுகுவதைச் சொன்னாள். பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பதாக வாக்குக் கொடுத்திருப்பதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பிறகு அவள் பாயைப் பார்த்தபடியே, "கோயில் வாசல்ல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க," என்றாள்.

அப்படி ஒரு அம்மா எங்கள் கதையில் கிடையாது. நான் உண்டாக்கவில்லை. நண்பர் என்னைப் பார்த்தார்.

"சாப்ட்டீங்களான்னு கேட்டா சாப்ட்டேம்பாங்க. தட்டப் பாத்தா காஞ்சு கெடக்கும். காலு மரத்துப்போனா யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க. காலைல வெறும் வயித்துல போடற மாத்திரைய மத்தியானம் போடுவாங்க, இல்ல போடவே மாட்டாங்க..."

வாளும் வில்லும் பாய்மரக் கப்பலும் இருக்கும் எங்கள் உலகத்தில் மாத்திரை கிடையாது. வேராகட்டும் பச்சிலையாகட்டும், அரைத்துத்தான் குடிப்பார்கள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். என் மனைவி "பாத்..." என்று ஆரம்பித்தாள், அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நண்பர் மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சாமியாக இருந்த எனக்கோ பேச உரிமை இல்லை. எங்கள் மதப்படி நான் காத்திருக்க மட்டுமே வேண்டும். டீ ஆறிக்கொண்டிருந்தது.

வாசற்படிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அம்மா தலையை நிமிர்த்தவில்லை, மொச்சையைப் பிதுக்குவதையும் நிறுத்தவில்லை.

"அந்தம்மாவ ஒருத்தரும் பாக்க வேணாம். அவளே பாத்துக்குவா."

இன்னும் இரண்டு மொச்சையைப் பிதுக்கிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

"சாயங்காலம் கேன்டீன்லேர்ந்து வந்ததும் சாப்ட்டுப் போடறது ஒண்ணு, காலைல எழுந்ததும் ஒண்ணு. டப்பா ஃபிரிட்ஜ் மேல கீது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? நீ வந்து திட்டணும்னுதான் இத்தன நாளு போடாம கெடந்தா." இப்போதுதான் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "பாவம், சாமி எவ்ளோ நேரம்தான் உக்காந்துக்கினு இருக்கும். எழுந்திரு கண்ணு."

அவள் எழுந்தாள். நான், "சரி, நீங்க கிளம்புங்க," என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அவள் நேரே வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தாலும் தெளிந்திருந்தது. அம்மாவின் எதிரே உட்கார்ந்து அவரோடு சேர்ந்து மொச்சை பிதுக்க ஆரம்பித்தாள். என் மனைவி எழுந்து அலமாரித் திரையைத் திறந்துவிட்டாள். சாவைப் பற்றிப் பேசி முடித்த ஒரு வீட்டில் அவ்வளவு நிறைவாக நான் உட்கார்ந்திருந்ததில்லை. இரவு எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பு வந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஒரு சகுனமும் தடுக்கவில்லை. மண்டபத்தில் நண்பர் மூன்று மொழியிலும் பந்தி பரிமாறினார். மகள் புறப்படும்போது அம்மா அழவில்லை, என் மனைவிதான் அழுது என் சட்டையை நனைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளையாட வேண்டுமா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் பாயை விரித்துவிட்டோமே தவிர, யாரும் தாயக்கட்டையைத் தொடவில்லை. கோயிலைப் பூட்டிவிடலாமா என்று நண்பர் கேட்டார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூசாரி இல்லாத கோயிலை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்வது?

அப்போது அம்மா வந்தார். கையில் முறமும் இல்லை, காய்கறியும் இல்லை. வழக்கமாக உட்காரும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் நின்றார். என் மனைவி அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவர் கேட்காமல் பாயில் மகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டார்.

"காலைல எழுந்ததும் மாத்திர போட்டேன், இப்ப சாப்ட்டுட்டுத்தான் வந்தேன். அவளுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அந்தக் கோயில்ல இப்ப யாரு கீறாங்க?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

"அப்ப வாசல்ல உக்காந்துக்கினு இருந்தாளே ஒரு அம்மா, அவ எழுந்து உள்ள வந்துட்டான்னு சொல்லு."